குஞ்சத்தைத் திருப்பக் கூடாது

எங்கள் கார்வெல் ஊருக்குள் வருவதற்கு இரண்டே சாலைகள்தான். அதில் ஒன்றைக் குளிர்காலத்தில் பனி மூடிவிடும். ஆனால் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு வெளியே போவதற்கு மட்டும் ஏழு பாதைகள் இருக்கின்றன. நானாகச் சொல்லவில்லை, உயர்நிலைப் பள்ளியின் வாசல் சுவரில் பெரிதாக வரைந்தே வைத்திருக்கிறார்கள். ஏழு நிறத்தில் ஏழு பாதைகள் வளைந்து நெளிந்து ஒரு மஞ்சள் சூரியனை நோக்கிப் போகின்றன. மேலே ‘ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பாதை’ என்று எழுதியிருக்கிறது. வரைந்தவர் அவசரக்காரரா, விஷயம் தெரிந்தவரா என்று எனக்குத் தெரியாது. ஏழில் ஆறு பாதைகள் சூரியனுக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடுகின்றன.

நான் அந்தப் பள்ளியின் மஞ்சள் பேருந்தை ஓட்டுகிறவன். பேருந்து ஓட்டுகிறவனுக்குக் கண் முன்னால் இருந்தாலும் காது பின்னால்தான் இருக்கும். ஊரில் யார் வீட்டில் என்ன புகைகிறது என்பது எனக்குத் தெரியாமல் போகாது. டெஸ்ஸா விட்கோவின் கதை அப்படித் தெரிந்ததுதான். என் பக்கத்து வீட்டுப் பெண் வேறு. மழலை வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை என் பேருந்தில்தான் போய் வந்தாள். அவள் அம்மா கோனி, ப்ரெட்ஸல் என்னும் முறுக்கு வடிவ ரொட்டி செய்யும் தொழிற்சாலையில் உப்புத் தூவும் பிரிவில் வேலை செய்கிறாள். தனி ஆளாக நின்று மகளை வளர்த்தவள்.

எங்கள் மாநிலத்தில் எல்லா ஆசிரியர்களும் எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி போட்டுவிட்டாலும் போதாது. கடைசியில் மாநிலம் தனியாக ஒரு தேர்வு வைக்கும். வெளியேறும் தேர்வு என்று பெயர். பதின்மூன்று வருஷம் படித்த பிள்ளை, ஒரு காலைப் பொழுது கணினி முன்னால் உட்கார்ந்து, தான் படித்தது உண்மைதான் என்று நிரூபிக்க வேண்டும். அப்போதுதான் டிப்ளமா, அதாவது பள்ளியில் தேறியதற்கான சான்றிதழ். டெஸ்ஸா ஆங்கிலத்தில் தேறிவிட்டாள். கணக்கில் இரண்டு மதிப்பெண் குறைந்தது. மறுபடி எழுதினாள், மறுபடியும் இரண்டு. மூன்றாம் முறையும் அதே இரண்டு.

“அந்த ரெண்டு மார்க்கு என்னைப் பாத்தாலே எங்கியாவது ஓடி ஒளிஞ்சுக்குது” என்றாள் என்னிடம், பேருந்துப் படியில் நின்றுகொண்டு.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளுக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. லிஃப்ட் மெக்கானிக்குகள் சங்கம் வருஷத்துக்குக் கொஞ்சம் பேரைத்தான் பயிற்சிக்கு எடுக்கும். அவர்களே ஒரு கணக்குத் தேர்வு வைத்தார்கள். நூற்றுக்கணக்கான பேர் எழுதியதில் டெஸ்ஸா எட்டாவதாக வந்தாள். இடம் உறுதி. ஒரே ஒரு நிபந்தனை, ஜூன் முடிவதற்குள் பள்ளி டிப்ளமாவைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ப்ரெட்ஸல் தொழிற்சாலையில் உப்புத் தூவும் பிரிவில் எப்போதும் ஆள் தேவை என்பதால், அவளுக்கு எதிர்காலமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த எதிர்காலம்தான் கோனிக்குப் பயமாக இருந்தது.

பாதைகளுக்கெல்லாம் பொறுப்பானவர் மிஸஸ் ஹெம்மிங். முன்பு அவர் அறைக் கதவில் ‘மாணவர் ஆலோசகர்’ என்று இருந்தது. இப்போது ‘பாதை ஒருங்கிணைப்பாளர்’ என்று இருக்கிறது. நல்ல மனுஷி. குரலை உயர்த்திப் பேச மாட்டார். மேஜையில் கண் துடைக்கும் காகிதப் பெட்டி எப்போதும் நிரம்பியிருக்கும். அந்த அலுவலகத்தில் தட்டுப்பாடே வராத ஒரே பொருள் அதுதான்.

“முதல் பாதை பரீட்சை. அது அடைபட்டுப் போச்சு” என்றார் டெஸ்ஸாவிடம். “கவலைப்படாத, இன்னும் ஆறு இருக்கு. ரெண்டாவது பாதை, காலேஜ் நுழைவுத் தேர்வு மார்க்கு. கணக்குல நீ எவ்வளவு வாங்கின?”

“நானூத்தம்பது, மேடம்.”

“அட, அது போதுமே!” மிஸஸ் ஹெம்மிங் கைதட்டிவிட்டுக் கணினியைப் பார்த்தார். “டிசம்பர் வரைக்கும் போதும். ஜனவரியில தரத்த உசத்திட்டாங்க. நானூத்தறுபது.”

“நான் அக்டோபர்லயே எழுதிட்டேனே?”

“நீ எழுதினது அக்டோபர்தாம்மா. நாங்க பாக்கறது இப்பதானே.”

மூன்றாவது பாதையைப் பற்றிச் சொல்லும்போது மிஸஸ் ஹெம்மிங்கின் முகமே மலர்ந்தது. “இது ரொம்ப அழகான பாதை. கணக்குல உண்மையாவே கஷ்டப்படற பிள்ளைங்களுக்குன்னே போட்டது. கொஞ்ச நாள் தனி வகுப்பு, சின்னதா ஒரு தேர்வு, கையில டிப்ளமா. ஆனா உள்ள நுழையணும்னா குறைஞ்சது பத்து மார்க்காவது குறைஞ்சிருக்கணும்.”

“எனக்கு ரெண்டுதானே குறையுது?”

“அதான் எனக்கும் வருத்தமா இருக்கு. நீ போதுமான அளவுக்குத் தோக்கல.”

டெஸ்ஸா தன் மதிப்பெண் தாளை எடுத்து மறுபடி பார்த்தாள். பிறகு, இன்னொரு தடவை எழுதி நன்றாகத் தோற்கலாமா என்று கேட்டாள். மிஸஸ் ஹெம்மிங் ஜன்னல் பக்கம் பார்த்தார். “நான் அப்படிச் சொல்லக் கூடாது. ஆனா ஏப்ரல்ல ஒரு தேதி இருக்கு” என்றார்.

ஏப்ரலில் டெஸ்ஸா தோற்பதற்காக உட்கார்ந்தாள். பொறுப்பான பெண் அல்லவா, தோல்வியையும் பொறுப்பாகவே செய்தாள். நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. ஒவ்வொரு கேள்வியையும் போட்டுப் பார்த்து, சரி என்று தோன்றிய விடையை ஜாக்கிரதையாக விலக்கிவிட்டு வேறொன்றைக் குறித்தாள். ஒரே ஒரு விடைதான் கை தவறிச் சரியாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து மாநிலத் தலைநகரிலிருந்து பதில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே பத்து விடை சரியாகிவிடும். இவ்வளவு தவறு செய்ய வேண்டுமானால் சரியான விடைகள் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இந்தத் தோல்வி நேர்மையானதல்ல, செல்லாது.

“அப்போ எனக்குக் கணக்கு வரும்னு அவங்களே ஒத்துக்கறாங்களா மேடம்?”

“ஒத்துக்கறாங்க. சந்தோஷமான விஷயம்” என்றார் மிஸஸ் ஹெம்மிங். “ஆனா அது பாஸ் ஆகாது.”

நாலாவது பாதை, படைப்புக் கோப்பு. மாணவர் தன் வாழ்க்கையிலிருந்து கணக்குகளை எடுத்துப் போட்டுக் காட்டலாம். அவளுடைய கணக்கு ஆசிரியர் மிஸ்டர் ஒகஃபோர் உற்சாகமாகிவிட்டார். வகுப்பில் அவளுக்கு நல்ல மதிப்பெண் போட்டவர், தான் போட்டதை மாநிலம் மதிக்கவில்லை என்ற கோபம் அவருக்கும் உண்டு. டெஸ்ஸா லிஃப்டையே எடுத்துக்கொண்டாள். கூண்டின் எடை, எதிர் எடை, கம்பியின் நீளம், பன்னிரண்டு பேர் ஏறினால் என்ன ஆகும், அதில் ஒருவர் என் எடை இருந்தால் என்ன ஆகும், எல்லாவற்றையும் வரைபடத்தோடு போட்டாள். அடுத்த சில நாள் மாலைகள் எல்லாம் அதிலேயே போயின.

பதில் இப்படி வந்தது. ‘கோப்பிலுள்ள வேலை மிகவும் சரியாக இருக்கிறது. கணக்கில் தோற்ற ஒரு மாணவியால் இதைச் செய்திருக்க முடியாது. ஆகவே இது மாணவியின் சொந்த வேலை என்று ஏற்க இயலவில்லை. நம்பத் தகுந்த சில தவறுகளுடன் மறுபடி சமர்ப்பிக்கலாம்.’

மறுபடியும் இருவரும் உட்கார்ந்தார்கள். சரியாகப் போடுவதைவிட நம்பும்படித் தவறாகப் போடுவது பெரும் பாடு என்று அன்றுதான் தெரிந்ததாம்.

“இந்தத் தப்ப நீ செய்ய மாட்ட, டெஸ்ஸா. இது சோம்பேறி செய்யற தப்பு” என்று சொல்லி மிஸ்டர் ஒகஃபோர் அதைப் பேனாவால் அடித்துவிட்டார்.

“பெருக்கறதுக்குப் பதிலாக் கூட்டிரட்டுமா சார்?”

“கூட்டினா லிஃப்ட் அறுந்து விழுந்துரும்.”

“விழட்டுமே சார், அதுல அதிகாரிங்கதான் இருக்காங்க.”

“வேணாம். மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு. கூட்டல்ல ஒண்ண விட்டுரு. அது மனுஷங்க செய்யறது.”

இப்படியாக மூன்று தவறுகளை அங்கங்கே நட்டுவைத்து அனுப்பினார்கள். இந்தத் தடவை பதில் சீக்கிரமே வந்துவிட்டது, சின்னதாகவும் இருந்தது. ‘மூன்று தவறுகள் உள்ளன. தேர்ச்சி இல்லை.’

ஐந்தாவது பாதை, பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் எழுதுகிற வெளித்தேர்வு. அதை எழுதினால் டிப்ளமாவுக்குச் சமமான ஒன்று கிடைக்கும். சங்கத்தில் கேட்டதற்கு அதையும் ஏற்போம் என்றார்கள். டெஸ்ஸா நேராக மிஸஸ் ஹெம்மிங்கிடம் போய், “நான் ஸ்கூல விட்டுர்றேன், கையெழுத்துப் போடுங்க” என்றாள். பதின்மூன்று வருஷம் ஒரு நாள்கூடப் பேருந்தைத் தவறவிடாத பெண். மழையில் குடையோடும், பனியில் மூக்கு சிவந்தும் எங்கள் தெரு முனையில் நின்றவள். அவள் வாயால் இதைச் சொன்னாள் என்று கேட்டபோது எனக்கு மனது கஷ்டமாக இருந்தது.

“விட முடியாதும்மா” என்றார் மிஸஸ் ஹெம்மிங். “விடணும்னா நீ மாணவியா இருக்கணும். உனக்குத்தான் மே மாசமே எல்லாப் பாடமும் முடிஞ்சுபோச்சே. முடிஞ்சத எப்படி விடறது?”

“அப்ப நான் யாரு மேடம்? படிக்கறவளா, தேறினவளா, விட்டவளா?”

“நீ முடிச்சவ.”

“முடிச்சவளுக்கு டிப்ளமா உண்டா?”

“அது தேறினவளுக்கு. முடிக்கறது வேற, தேர்றது வேற.” காகிதப் பெட்டியை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினார். “ஆறாவது பாதை விசாரணைக் குழு. உன்ன நல்லாத் தெரிஞ்ச ஒரு ஊர்க்காரரக் கூட்டிட்டு வரணும்.”

ஏழாவது பாதை என்ன என்று டெஸ்ஸா கேட்டாளாம். அது இன்னும் வடிவமைப்பில் இருக்கிறதாம். சுவரில் இடம் மிச்சம் இருந்ததால் அதையும் வரைந்துவிட்டார்களாம்.

தெரிந்த ஊர்க்காரர் என்று நான்தான் போனேன். கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டை மாட்டிக்கொண்டேன், பொத்தான் போடாமல் சமாளித்தேன். கோனி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். நூலகத்தில் நீள மேஜை போட்டு, நடுவில் பிஸ்கட் தட்டு வைத்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்திருந்தது. நடுநாயகமாக மாவட்டக் கல்விக் கண்காணிப்பாளர் டாக்டர் ப்ளெட்சோ. டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ‘கல்வியில் தலைமை’ என்ற விஷயத்தில் ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். அவரால் யாருக்கும் எதுவும் குணமானதாக நான் கேள்விப்பட்டதில்லை.

“முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்” என்று டாக்டர் ப்ளெட்சோ ஆரம்பித்தார். “எங்க மாவட்டத்துல நாங்க யாரையும் ஃபெயில் ஆக்கறதில்ல. அந்த வார்த்தையவே நான் எடுத்துட்டேன். ‘இன்னும் போய்ச் சேராதவர்’, அப்படித்தான் சொல்றோம்.”

“போய்ச் சேராதவரா?” என்றாள் கோனி. “என் அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப டாக்டருங்க இப்படித்தான் பேசிக்கிட்டாங்க.”

டாக்டர் ப்ளெட்சோ அதை ரசித்ததாகக் காட்டிக்கொண்டார். “டிப்ளமான்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கணும், மிஸஸ் விட்கோ. கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்துட்டா அத யாரு மதிப்பாங்க? அதே சமயம், எல்லாருக்கும் கொடுத்தே ஆகணும். இல்லேன்னா எங்க தேர்ச்சி சதவீதம் என்னாகறது? இந்த ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யறதுக்குப் பேருதான் தலைமை. அதுக்காகத்தான் பாதைகள் போட்டோம். பாதை போடறது எங்க கடமை. அது எங்கியாவது போய்ச் சேரணும்னு நாங்க வாக்குக் கொடுக்கல.”

குழுவில் இருந்த ஓர் அம்மாள், “கணக்கப் பத்தி உன் மனசுல என்ன ஓடுது?” என்று டெஸ்ஸாவைக் கேட்டார்.

“ரெண்டு மார்க்கு ஓடுது, மேடம்.”

அவர் அதைக் குறித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். இந்தப் பெண்ணிடம் விடாமுயற்சி இருக்கிறதா என்று கேட்டார். மழையிலும் பனியிலும் ஒரு நாள்கூட என் பேருந்தை விட்டதில்லை என்றேன். அதையும் குறித்துக்கொண்டார். எட்டிப் பார்த்தேன், ‘போக்குவரத்தில் ஆர்வம் உண்டு’ என்று எழுதியிருந்தார்.

கோனிக்குப் பொறுமை போய்விட்டது. “டாக்டர், லிஃப்ட்டுக்காரங்களே கணக்கு வச்சுப் பாத்து இவள எடுத்துட்டாங்க. நாளைக்கு லிஃப்ட் அறுந்தா அவங்க ஆளுங்கதான் சாவாங்க. அவங்களே பயப்படல, உங்களுக்கு என்ன பயம்?”

“நல்ல கேள்வி” என்றார் டாக்டர் ப்ளெட்சோ. “அவங்களுக்கு லிஃப்ட் ஓடினாப் போதும். எங்களுக்குத் தரம் முக்கியம்.”

பிறகு மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். பிஸ்கட் தட்டு காலியானதும் முடிவு வந்தது. டிப்ளமா இல்லை. ஆனால் ‘வருகைச் சான்றிதழ்’ உண்டு. அதாவது, இவள் பதின்மூன்று வருஷம் வந்து போனாள் என்று பள்ளி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும். சங்கத்துக்காரர்கள் அதைப் பார்த்தால், ‘வந்து போனது சரி, என்னத்துக்கு?’ என்றுதான் கேட்பார்கள்.

“அது மட்டுமில்ல” என்று டாக்டர் ப்ளெட்சோ கையைத் தூக்கினார். “பட்டமளிப்பு விழாவுல டெஸ்ஸா மத்தவங்களோட மேடையில நடக்கலாம். அங்கி, தொப்பி, எல்லாம் போட்டுக்கலாம். நாங்க யாரையும் ஒதுக்கறதில்ல. ஒண்ணே ஒண்ணுதான், குஞ்சத்தத் திருப்பக் கூடாது.”

எங்கள் ஊர்களில் பட்டமளிப்பு என்றால் குஞ்சம்தான். சதுரத் தொப்பியின் நடுவிலிருந்து ஒரு குஞ்சம் தொங்கும். வலப்பக்கம் தொங்கினால் மாணவர். விழா முடிவில் சொன்னதும் எல்லோரும் அதை இடப்பக்கம் தள்ளுவார்கள், அந்த நொடியிலிருந்து தேறியவர். தாய்மார்கள் அழுவதும், தகப்பன்மார்கள் தொண்டையைச் செருமுவதும் அப்போதுதான்.

விழா கால்பந்து மைதானத்தில் நடந்தது. நானும் கோனியும் படிக்கட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தோம். டெஸ்ஸாவைப் போல ‘முடித்தவர்கள்’ இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள், எல்லோரையும் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மிஸஸ் ஹெம்மிங் கையில் ஊக்குகளோடு அந்த வரிசையில் ஒவ்வொருவராகக் குனிந்து, குஞ்சத்தைத் தொப்பியின் வலப்பக்கத்தோடு சேர்த்துக் குத்திக்கொண்டே போனார். ஒவ்வொரு பிள்ளையிடமும் “வாழ்த்துகள் கண்ணு” என்று சொல்லிக்கொண்டே குத்தினார்.

அன்று பார்த்துக் காற்று. வாத்தியக் குழுவின் இசைத் தாள்கள் பறந்து ஒரு பாட்டு பாதியில் நின்றுபோனது. டெஸ்ஸாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். கோனி தொண்டை கிழியக் கத்தினாள், நானும் கத்தினேன். டெஸ்ஸா மேடையில் பாதி தூரம் நடந்தபோது ஊக்கு பிடுங்கிக்கொண்டது. குஞ்சம் ஒரு சுற்றுச் சுற்றி இடப்பக்கம் போய் விழுந்தது.

மைதானமே ‘ஓ’ என்று ஆர்ப்பரித்தது. மிஸஸ் ஹெம்மிங் படியேறி ஓடி வந்து, குஞ்சத்தைப் பிடித்து வலப்பக்கம் போட்டார். கையை எடுத்ததும் காற்று அதை மறுபடி இடப்பக்கம் கொண்டு போனது. மறுபடி போட்டார். மறுபடி போனது. மூன்றாம் தடவை அவர் ஒரு கையால் டெஸ்ஸாவின் காதோடு சேர்த்துக் குஞ்சத்தை அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் கூட்டத்துக்குப் புன்னகையோடு கையசைத்தார்.

டாக்டர் ப்ளெட்சோ ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டார். “அனைவருக்கும் ஒரு சிறு விளக்கம். காற்றினால் ஏற்படும் எந்த மாற்றமும் டிப்ளமா ஆகாது.”

மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், பொய் சொல்வானேன். பக்கத்தில் கோனியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். மேடையில் டெஸ்ஸா தொப்பியைக் கழற்றி மிஸஸ் ஹெம்மிங் கையில் கொடுத்துவிட்டு, வெறுந்தலையோடு இறங்கிப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

வாகன நிறுத்தத்தில் கோனி தன் அக்கா ரோன்டாவைப் போனில் கூப்பிட்டு அழுதாள். ரோன்டா ஆற்றுக்கு அந்தப் பக்கம், பெல்டனில் இருக்கிறாள். பாலத்தைத் தாண்டினால் வேறு மாநிலம். ரோன்டாவின் குரல் போனுக்கு வெளியே எனக்கே கேட்டது.

“என்னடி கோனி உளர்ற? வெளியேறும் தேர்வா? இங்க அந்த மாதிரிக் கழுதையே கிடையாதே!”

நாங்கள் பெட்ரோல் போட அந்தப் பாலத்தைத் தாண்டுவோம், ஜூலையில் பட்டாசு வாங்கத் தாண்டுவோம். டிப்ளமா வாங்கவும் தாண்டலாம் என்று ஊரில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள், போய்ப் பார்த்தால் ஏமாற்றம்தான் என்ற அர்த்தத்தில். இங்கே அக்கரை உண்மையாகவே பச்சையாக இருந்தது.

டெஸ்ஸா அன்றே பையைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குக் குடிபோனாள். பெல்டனில் பள்ளி இன்னும் ஒரு வாரம் இருந்தது. திங்கட்கிழமை காலை அவளையும் கோனியையும் நான்தான் காரில் அந்தப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். அலுவலகத்தில் மிஸஸ் டூலி என்ற எழுத்தர் முட்டை சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டெஸ்ஸா ஒரு பெரிய அட்டைப் பெட்டியை அவர் மேஜையில் வைத்தாள். தேர்வு முடிவுகள், தலைநகரக் கடிதங்கள், தவறில்லாத கோப்பு, தவறுள்ள கோப்பு, எல்லாம் அதில் இருந்தன.

மிஸஸ் டூலி பெட்டியைத் தொடவில்லை. பழைய பள்ளியிலிருந்து வந்த மதிப்பெண் பட்டியலை மட்டும் கணினியில் பார்த்தார். “சரி. இந்த வாரம் முழுக்க வந்துரு. அது சட்டம். வெள்ளிக்கிழமை டிப்ளமா வாங்கிக்க.”

டெஸ்ஸா நகரவில்லை. “விசாரணை எப்போ மேடம்?”

“எந்த விசாரணை?”

“என்னை எதுவும் கேக்க மாட்டீங்களா? கோப்பு? எனக்கு ரெண்டு மார்க்கு குறையுது மேடம். அத நான் மறைக்க விரும்பல.”

மிஸஸ் டூலி சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். “நீ ஸ்கூலுக்குப் போனியா?”

“போனேன்.”

“டீச்சருங்க பாஸ் போட்டாங்களா?”

“எல்லாத்துலயும் போட்டாங்க.”

“அப்புறம் என்ன கண்ணு?”

அப்போதுதான் டெஸ்ஸா அழுதாள். மேஜையில் கண் துடைக்கும் காகிதம் இல்லை. மிஸஸ் டூலி சாண்ட்விச் சுற்றிய நாப்கினைக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இவ்வளவுதான் கேள்வி என்றால், இதை எங்கள் ஊரில் கேட்பதற்கு ஒரு ஆள்கூடவா இல்லை?

அந்த வாரம் டெஸ்ஸா பெல்டன் பள்ளியில் அலமாரிகளைக் காலி செய்ய உதவினாள், நாற்காலி அடுக்கினாள், இரண்டு சினிமா பார்த்தாள். வெள்ளிக்கிழமை தன்னை யாருக்கும் தெரியாத ஒரு பள்ளியிலிருந்து தேறினாள். சனிக்கிழமை சங்க அலுவலகத்தில் டிப்ளமாவைக் காட்டினாள், இடம் நிலைத்தது. கோனி அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். மாட்டிவிட்டு நின்று பார்த்தாள்.

“பதிமூணு வருஷம் இங்க. ஒரு வாரம் அங்க. பேரு அந்த ஊரு பேரு” என்றாள். “நம்ம ஊரு பேரு இருந்திருக்கலாம், இல்ல?”

இருந்திருக்கலாம்தான்.

மாவட்டக் கல்விக் குழுவின் ஜூலைக் கூட்டத்தில் டாக்டர் ப்ளெட்சோ ஒரு நல்ல செய்தி சொன்னார். மாவட்டத்தின் தேர்ச்சி சதவீதம் உயர்ந்துவிட்டது. வேறு பள்ளிக்கு மாறிப் போனவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பது விதி. டெஸ்ஸா கணக்கிலிருந்து போனதால் மிச்சமிருந்தவர்களின் கணக்கு நன்றாகிவிட்டது. “நாம் எடுத்த முயற்சிகளுக்குக் கிடைத்த பலன் இது” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோனி வீட்டுப் பின்புறத்தில் சாஸேஜ் வாட்டிக்கொண்டிருந்தோம். டெஸ்ஸா வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற கனத்த பூட்ஸைப் பழக்குவதற்காகப் புல்லில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தாள். வேலிக் கதவருகே மிஸஸ் ஹெம்மிங் வந்து நின்றார். கையில் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

கோனி வரவேற்கவில்லை. “மறுபடியும் ஊக்குக் குத்த வந்தீங்களா?”

“இல்ல கோனி.” மிஸஸ் ஹெம்மிங் பலகாரத்தை மேஜையில் வைத்தார். அந்த மெல்லிய குரல் இன்னும் மெலிந்திருந்தது. “என் பையன் ரஸ்ஸலுக்கு ரிசல்ட் வந்துது. கணக்குல மூணு குறையுது. அடுத்த வருஷம் அவனுக்குக் கடைசி வருஷம்.”

டெஸ்ஸா நடப்பதை நிறுத்திவிட்டு நின்றாள்.

“நான் எல்லாப் பாதையும் பாத்துட்டேன்” என்றார் மிஸஸ் ஹெம்மிங். “உங்க அக்கா வீட்டு விலாசம் கிடைக்குமான்னு கேக்கலாம்னு வந்தேன்.”

கோனி சாஸேஜைத் திருப்பிப் போட்டாள். என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கே பயமாக இருந்தது. சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது, சொல்ல உரிமையும் இருந்தது. அவள் டெஸ்ஸாவைப் பார்த்தாள். டெஸ்ஸா தோளைக் குலுக்கிவிட்டு மேஜையில் இன்னொரு தட்டு வைத்தாள்.

“ரோன்டா வீட்ல சோபாதான் இருக்கு” என்றாள் கோனி. “பையன் உசரமா?”

“ஆறடி.”

“அப்ப கால் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். பரவால்ல, ஒரு வாரம்தானே. உக்காருங்க, சாப்பிடுங்க.”